கழுவிய இழைப்புளி

ரேஷன் கடையில் எச்சிலைத் தொட்டு நோட்டைப் புரட்டுகிறவரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். கூட நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்கள். நான் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். இந்தக் குமட்டல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் இந்த அளவுக்கு முற்றியது ஒரு தச்சருடைய தீட்டுக்கல்லைப் பார்த்த பிறகுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு வளவில் குடியிருந்தேன். ஒரு முற்றம், ஒரு குழாய், சுற்றிலும் ஆறு வீடு. வீடு என்று பேர்தான். ஒவ்வொன்றும் ஒரு அறை, அதற்குப் பின்னால் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு அடுப்படி. அறைக்கு ஒரே கதவு. அந்தக் கதவு முற்றத்தைப் பார்த்திருக்கும். முற்றத்தில் விடிந்ததிலிருந்து ஆம்பிளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஆறு வருஷம். தீப்பெட்டி ஆபீசிலிருந்து சட்டமும் குச்சியும் வாங்கி வந்து வீட்டில் வைத்து அடுக்குவேன். ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று வரிசையாக அடுக்கி, எல்லாத் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு யாரோடும் பேச வேண்டியதில்லை, அதனாலேயே எனக்கு அது பிடித்திருந்தது. பால்காரரிடம்கூடக் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டு, கையை மட்டும் நீட்டிப் பால் வாங்குகிறவள் நான்.

எங்கள் பக்கத்து மண் கரிசல். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். உப்பினால் அதன் மேல் நிற்கிற சுவர் நகரும், கதவு நிலை சாயும். கதவும் ஈரத்தைக் குடித்துப் பருத்துவிடும். ஐப்பசி பிறந்தால் வளவில் ஒரு கதவும் ஒழுங்காகச் சாத்தாது. தோளைக் கொடுத்து முட்டிச் சாத்துவோம். அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. என் கதவு நாலு விரல் இடைவெளியில் நின்றுகொண்டு அதற்கு மேல் வர மாட்டேன் என்றது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் மகளுக்குப் பேறுகாலம். நாகலாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தேன். தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பேரனை எடுத்தார்கள். எட்டாம் நாள், அடுத்த வாரம் திங்கட்கிழமை, தையல் பிரித்து அனுப்புவோம் என்றார்கள். சம்பந்தியம்மா கூட இருந்து பார்த்துக்கொண்டாள். நான் காலையும் மாலையும் கஞ்சியும் சோறும் கொண்டுபோனேன்.

வயிற்றில் தையலோடு வருகிறவள், நினைத்த நேரமெல்லாம் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியவள், துணி மாற்ற வேண்டியவள். முற்றத்தில் நிற்கிற கண்களுக்கு நடுவில் அவளை எப்படிப் போட்டுவைப்பது? திங்கட்கிழமைக்குள் கதவு சாத்த வேண்டும். அந்த எட்டு நாளும் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

பக்கத்து வீட்டில் தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டுகிற ஒருத்தி இருந்தாள். வேதக்காரி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னை மதினி என்று கூப்பிடுவாள். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அவள்தான் ஒரு தச்சருக்கு ஆள் சொல்லிவிட்டாள்.

பேரன் பிறந்த மறுநாளே, திங்கட்கிழமை காலை, அவர் வந்தார். வாசலில் நின்று ஒரு குரல் கொடுக்க வேண்டாமா? நேராக உள்ளே வந்து, சமைத்துக்கொண்டிருந்த என் முதுகுக்குப் பின்னால் நின்று, “கதவுக்கு என்ன தங்கச்சி?” என்றார். நான் பதறி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

கதவை ஆட்டிப் பார்த்தார். நிலையைத் தட்டிப் பார்த்தார்.

“கதவு மேல தப்பில்ல. மண்ணு மேல தப்பு. நிலை சாஞ்சிட்டு. நிலையத் தொட்டா செவரு விழும். கதவு ஓரத்த இழைச்சாத்தான் சரி வரும். அரை நாள் சோலி.”

“அப்போ சாயந்தரம் மாட்டிருவீயளா அண்ணாச்சி?” பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

“மாட்டாம? தலையில வச்சிக்கிட்டா திரிவேன்?”

கதவைக் கழற்றினார். சாத்துகிற பக்கத்து ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பென்சிலால் ஒரு கோடு போட்டார். மேலே பாதி நகம் அகலம், கீழே வரவரக் குறைந்து ஒன்றுமில்லாமல் போகிற கோடு. அவ்வளவுதான் சீவ வேண்டியது. அந்தக் கோடு போட்டதில் அவருக்கு ஒரு தப்பும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை தெரிந்தவர்தான். அதனாலேயே எனக்கு அருவருப்பு கூடியது.

கதவை ஓரம் மேலே தெரிய நிறுத்தி, முற்றத்து ஆட்டுரலுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிட்டு, வாசலை ஒட்டிக் குத்தவைத்து உட்கார்ந்து பையிலிருந்து இழைப்புளியை எடுத்தார். ஒரு முழ நீளக் கருவேலங்கட்டை. நடுவில் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் சாய்வாக ஒரு இரும்புத் தகடு, அது நகராமல் இறுக்குகிறதுக்கு ஒரு மர ஆப்பு. தகட்டின் கூர் கட்டையின் அடியில் ஒரு பிளவு வழியாக எட்டிப் பார்க்கும். அந்தப் பிளவைத்தான் வாய் என்பார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கட்டையின் நெற்றியில் காய்ந்து ஒட்டியிருந்தது. வாயைச் சுற்றி என்னவோ கறுப்பாக அப்பியிருந்தது.

கட்டையின் பின்பக்கத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். ஆப்பு தளர்ந்தது. தகட்டை உருவினார். தீட்டுக்கல்லை எடுத்துக் கால்விரல்களுக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கேட்பார் என்று செம்போடு நின்றேன். கேட்கவில்லை. வாயில் அடக்கியிருந்த புகையிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். குனிந்தார். கல்லின் மேல் துப்பினார்.

பழுப்பாக, நூலாக இழுத்துக்கொண்டு விழுந்தது. அதிலே தகட்டை வைத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கறுத்துக் கூழாகியது. காய்ந்தால் திரும்பவும் துப்புவார். விரலால் அந்தக் கூழை வழித்து என் வீட்டு நிலையில் தடவினார். அதே விரலால் தகட்டின் கூரைத் தடவிப் பார்த்தார். பிறகு இடது முழங்கைக்குக் கீழே தகட்டை வைத்து இழுத்தார். கையிலிருந்த மயிர் கொத்தாக வந்து தகட்டில் ஒட்டியது. இப்படிச் சிரைத்துச் சிரைத்து அவருடைய இடது கையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கையாக இருந்தது. அந்த மயிரை ஊதிவிட்டார். எங்கே போய் விழுந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் உலைப்பானை மூடியிருந்ததா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன்.

தண்ணீர் பஞ்சமான ஊர்தான். ஆனால் ஒரு கல்லை நனைக்கக்கூட இல்லாமலா போய்விட்டது? செம்பு என் கையிலேயே இருந்தது. “தண்ணி இருக்கு” என்று ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை நினைத்துக் குமட்டியது போலவே என்னை நினைத்தும் குமட்டியது.

தீட்டி முடித்தால் அடுத்தது வாய் வைப்பது. தகட்டைப் பொந்தில் இறக்கி, ஆப்பை லேசாகச் செருகி, கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தபடி கட்டையின் அடியை நோட்டம் விடுவார். தகட்டின் தலையில் டொக்கென்று ஒரு தட்டு. திரும்பவும் ஒரு கண். பக்கவாட்டில் ஒரு தட்டு. கடைசியாக ஆப்பை இறுக்கி இரண்டு தட்டு. குளிக்க வந்த ஆம்பிளைகள் ஈரத்துண்டோடு கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

“வாயி மயிரிழை தெரியணும்லே. கூடுனா கடிக்கும், கொறஞ்சா வழுக்கும். ஒரு பக்கம் சாஞ்சா பள்ளம் விழும். இதுக்கு நம்மள மாதிரி ஆளு வேணும்.”

அதன் பிறகு ஒரு சீலைத் துணிப் பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே மஞ்சளாக ஆட்டுக் கொழுப்பு, மேலே எறும்பு. அதை எடுத்துக் கட்டையின் அடியில் அப்பினார், வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக. கதவில் நாலு இழுப்பு இழைத்தார். அந்த நாலு இழுப்புக்கும் சுருள் வழுவழுவென்று வந்தது. பிறகு காப்பி கேட்டார். பிறகு ஆட்களோடு பேசினார். பிறகு காணோம்.

செவ்வாய்க்கிழமையும் அதே கூத்து. முதலிலிருந்து துப்பல், தேய்ப்பு, மயிர், ஒரு கண். நாலு இழுப்பு. புதன்கிழமையும் அதே. புதன் மத்தியானம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“தங்கச்சி, குளத்தூர்ல ஒரு உப்புக் கிட்டங்கி. மூட்டை அடுக்குத எடத்துல கதவு விழுந்து கெடக்காம். ஒரு எட்டு பாத்துட்டு நாளைக்கு வந்துருதேன். பை இங்கனதான கெடக்கு, நான் எங்க போயிருவேன்?”

வியாழக்கிழமை வரவில்லை. நான் வாசலில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். காற்றடித்தால் அது என் மேலேயே வந்து சுற்றிக்கொள்ளும். கோழி வந்தது, நாய் வந்தது. குளித்துவிட்டுப் போகிறவர்கள் சேலை விலகினால் உள்ளே ஒரு பார்வை பார்க்காமல் போவதில்லை. நான் அடுப்படிக்குள்ளேயே உட்கார்ந்து குச்சி அடுக்கினேன். ராத்திரி வாசலை மறித்துப் பாயைப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி வேறொரு தச்சரைக் கூட்டி வந்தாள். நல்ல மனிதர். வெற்றிலைக்கறை இல்லாத வாய், துவைத்த சட்டை. வெளியே நின்று குரல் கொடுத்தார். எனக்குப் பாதி உயிர் வந்தது. சேலையை விலக்கி ஒரு கால் உள்ளே வைத்தவர், மூலையில் கிடந்த பையைப் பார்த்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

“இது யாரு பை?”

சொன்னோம்.

“அப்போ நான் தொட மாட்டேம்மா.”

“ஏன் அண்ணாச்சி? சோலி அப்படியே கெடக்குல்லா? திங்கக்கெழம பிள்ள பெத்தவ வீட்டுக்கு வாரா” என்றாள் அவள்.

“பை கெடக்குல்லா. பை கெடந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். ஒருத்தர் பை கெடக்க வீட்டுல இன்னொருத்தர் உளி எடுக்கக் கூடாது. எங்களுக்குள்ள அப்படி.”

“அவியதான் குளத்தூர்ல போயி உக்காந்துட்டாவளே! பை இல்லாம அங்க எப்படி சோலி பாக்காவ?”

“அவியளுக்கு மூணு பை உண்டு. ஊருக்கு ஒண்ணு போட்டுருப்பாவ.”

“நல்லா இருக்கே! பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிக்க மாதிரியா? நான் இந்தப் பையத் தூக்கி வெளியில வச்சிருதேன், நீங்க உள்ள வாங்க.”

“நான் பாத்துட்டேனே. இனிமே வெளியில வச்சா என்ன, கடல்ல போட்டா என்ன? நாளைக்கு என் பை கெடக்க எடத்துல அவிய கை வைப்பாவ. பொழப்பு நாறிரும்.”

என்னைப் பார்க்காமலே கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். எச்சில் துப்புகிறவரையாவது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. இவர் துவைத்த சட்டையோடு வந்து, வீட்டில் ஒரு பச்சை உடம்புக்காரி கதவில்லாமல் கிடக்கப் போகிறாள் என்று கேட்டும், ஒரு அழுக்குப் பைக்கு மரியாதை செய்துவிட்டுப் போகிறார்.

அன்றைக்குச் சாயந்தரம் ஆஸ்பத்திரியில் மகள் கேட்டாள், “கதவு மாட்டியாச்சாம்மா?” நான் “மாட்டிருவாவ” என்றேன். அவள் இருந்த இடத்தில் எட்டுப் படுக்கைக்கு ஒரே திரை. வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்துக்கொண்டு போகிறான் என்று முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். “வீட்டுக்கு வந்தா கதவச் சாத்திட்டு நிம்மதியா உக்காரணும்மா” என்றாள். நான் தூக்குச்சட்டியைக் கழுவப் போகிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுவிட்டு நேராக அந்தப் பையிடம் போனேன்.

பையின் வாயைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. கொழுப்புச் சிக்கு, புகையிலை, வேர்வை. உள்ளே பல் உடைந்த சீப்பு, அதில் சுருட்டிய முடி. கொழுப்புப் பொட்டலத்தைச் சுற்றி எறும்புகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தன. தீட்டுக்கல்லின் மேல் மூன்று நாள் துப்பல் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. இழைப்புளியை இரண்டு விரலால் தூக்கினேன். கையில் பிசுக்கென்று ஒட்டியது. அந்தக் கையை நான் என்ன செய்வது என்று தெரியாமல் எட்டத்திலேயே நீட்டிக்கொண்டு நின்றேன்.

என் புத்திக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது. வெந்நீர் வைத்தேன். பாத்திரம் தேய்க்கிற சோடாவைப் போட்டேன். ஆப்பைத் தட்டித் தகட்டை உருவிவிட்டு, கட்டை, ஆப்பு, கல், தகடு எல்லாவற்றையும் அண்டாவுக்குள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறப்போட்டேன். தண்ணீர் முதலில் வந்த நிறத்தை எழுத மனம் வரவில்லை. நெற்றியிலிருந்த சந்தனத்தைத் தேய்க்கும்போது மட்டும் கை நின்றது. சாமிக்கு வைத்ததாயிற்றே. ஆனால் அதற்கு அடியிலும் அழுக்குதான். அதையும் தேய்த்தேன். விடிகிறவரை ஊறட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரி வந்து அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

“யாத்தே! என்ன மதினி இது? பேரன் இன்னும் வீட்டுக்கே வரல, அதுக்குள்ள கட்டையக் குளிப்பாட்டி ஒத்திகை பாக்கியளா?”

“நாத்தம்” என்றேன்.

“நாத்தம்னா மரத்தத் தண்ணியில போடுவாவளா? உங்க கதவு எதனால சாத்தலையாம்? தண்ணி குடிச்சுப் பெருத்துத்தான்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அள்ளி எடுத்துத் துடைத்துத் தகட்டைச் செருகிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. பொந்து சுருங்கிவிட்டது. ஆப்பு உப்பிப்போய் நுழைகிற வாசலிலேயே நின்றது. வாயோ, ஒரு காகிதம் போகிற அளவுக்குக்கூட இல்லை. கரிசல் மண்ணில் பிறந்து, மழைக்குக் கதவு பருக்கிறதை வருஷா வருஷம் பார்த்து வளர்ந்தவள், அந்தக் கதவைச் சரிசெய்ய வைத்திருந்த ஒரே சாமானை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறேன். என் சுத்தத்தை நினைத்து எனக்கே வெறுப்பாக இருந்தது.

“அடுப்புல போட்டு எரிச்சிருங்க. அதுக்கு மேல என்ன சுத்தம்?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவளே சொன்னாள்: “நெருப்புக்கு மேல வைக்காதீய, வெடிச்சிரும். பக்கத்துல வைங்க. திருப்பித் திருப்பிப் போடுங்க, தோசை மாதிரி.”

வெயில் இல்லை. அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு செங்கல் வைத்து அதன் மேல் கட்டையை வைத்தேன். சனிக்கிழமை முழுக்கத் திருப்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தகடு இறங்கியது. ஆப்பும் ஒரு அழுத்தில் போனது. ஆனால் கட்டையைத் தரையில் வைத்தால் ஆடியது. காய்ந்ததில் அடி கோணியிருந்தது. பையில் உப்புத்தாள் கிடந்தது. அதை அடுப்படியிலிருந்த கடப்பைக் கல்லின் மேல் விரித்து, கட்டையின் அடியை அதில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்தேன். பத்துத் தேய்ப்புக்கு ஒரு தடவை திருப்பிப் பார்ப்பேன். முதலில் இரண்டு மூலை மட்டும் வெளுத்தது. அடி முழுக்க ஒரே வெளுப்பாக வருகிறவரை தேய்த்தேன்.

தகட்டைத் தீட்டினேன். தண்ணீர் விட்டுத்தான். அவர் பிடித்த சாய்விலேயே பிடித்தேன். மூன்று நாள் எதிரே உட்கார்ந்து பார்த்ததில் அந்தச் சாய்வு என் கண்ணிலேயே நின்றிருந்தது. கூரின் மறுபக்கத்தில் ஒரு பிசிறு கிளம்பியது. திருப்பிப்போட்டு மட்டமாக ஒரு இழுப்பு இழுத்ததும் அது போய்விட்டது. கூரைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். சத்தமில்லாமல் அறுத்தது. தண்ணீருக்கும் அவர் எச்சிலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இதற்காகவா மூன்று நாள் துப்பினார்?

இனி வாய் வைக்க வேண்டும். உள்ளே வெளிச்சம் போதாது. சேலையை விலக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்து, முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். அத்தனை வருஷத்தில் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. கட்டையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு கண்ணை மூடினேன். குழாயடியில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார்.

“என்ன மதினி, யாரக் குறி பாக்கியோ?”

“உங்களத்தான் அண்ணாச்சி. முதுகுல அழுக்கு நெறய இருக்காம், சீவிவிடட்டான்னு கேக்காவ” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

கட்டையின் அடியில் தகடு தெரியவே இல்லை. தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு பக்கம் மட்டும் கறுப்பாகக் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஐம்பது குச்சியில் ஒரு குச்சி தலை தூக்கி நின்றால் எனக்கு உடனே தெரிந்துவிடும், அப்படித்தான் அதுவும் தெரிந்தது. தூக்கி நின்ற பக்கத்திலிருந்து தகட்டின் தலையைப் பக்கவாட்டில் தட்டினேன். அது இறங்கி இது ஏறியது. நுனி முழுக்க ஒரே கோடாக, ஒரு தலைமயிர் கனத்துக்கு நின்றது. அதுதான் கணக்கு என்று நினைத்து ஆப்பை இறுக்கித் தட்டினேன்.

கதவின் மேல் வைத்துத் தள்ளினேன். கடக்கென்று கடித்து நின்றது. வேப்பம்பலகையில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு வாயில் அடைத்துக்கொண்டது. திருப்பிப் பார்த்தால் தகடு அரிசி கனத்துக்கு வெளியே நிற்கிறது. நான் வைக்கும்போது அப்படி இல்லையே? கழற்றி, அடைப்பை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்து, மறுபடி வைத்தேன். மறுபடியும் கடித்தது. மூன்றாம் தடவைதான் புரிந்தது. ஆப்பை இறுக்கும்போது அது தகட்டையும் கூடக் கீழே இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தத் தச்சர் ஆப்பு இறுக்குவதற்கு முன்னால் மயிரிழை வைக்கவில்லை, ஒன்றுமே தெரியாத அளவுக்குத்தான் வைத்திருந்தார். இறுக்கிய பிறகுதான் அது மயிரிழையாகிறது. ஆம்பிளைகளுக்கு அவ்வளவு பாடம் நடத்தியவர் இந்த ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

கட்டையின் பின்பக்கம் தட்டித் தளர்த்தி, தகட்டை உள்ளே வாங்கி, கண்ணுக்குத் தெரியாத மட்டத்தில் நிறுத்தி, ஆப்பை இறுக்கினேன். மயிரிழை வந்து நின்றது. அடிக்குக் கொழுப்பு வேண்டும். அந்தப் பொட்டலத்தை நான் தொடுவதாக இல்லை. தீக்குச்சி முக்குகிற மெழுகு ஒரு கட்டி வீட்டில் கிடந்தது. அதை எடுத்து இரண்டு கோடு இழுத்துவிட்டேன்.

தள்ளினேன். சர்ரென்று ஒரு சத்தம். வாயிலிருந்து சுருள் எழுந்து என் மணிக்கட்டில் விழுந்தது. மெல்லிசாக, வேம்பு வாடையோடு.

சந்தோஷம் என்றெல்லாம் இல்லை. இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு, ஆம்பிளைகள் பார்க்கக் குனிந்து நின்று மரம் சீவுகிற கோலம் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவர் வியர்வை ஊறிய கட்டை, எவ்வளவு கழுவினாலும் சூடேற ஏற உள்ளேயிருந்து அந்த வாடையைக் கக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பென்சில் கோடு வரை சீவினேன். நடுவில் இரண்டு தடவை தீட்டினேன். நான் பிய்த்த இடம் மட்டும் ஒரு பள்ளமாக நின்றுவிட்டது. சாயந்தரம் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தூக்கிப் பிடிக்க, நான் கீலுக்குத் திருகாணி முடுக்கினேன். கதவைத் தள்ளினேன். போய் நிலையோடு உட்கார்ந்தது. தாழ்ப்பாளும் விழுந்தது.

பிறகு குளித்தேன். மூன்று தடவை சோப்புப் போட்டேன்.

திங்கட்கிழமை மகள் வந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தச்சர் வந்தார். நான் குழாயடியில் பிள்ளைத் துணி அலசிக்கொண்டிருந்தேன். பையைக் கதவுக்கு வெளியே சுவரோரம் வைத்திருந்தேன். வழக்கம்போல நேராக உள்ளே போகப் பார்த்தவர் கதவில் முட்டி நின்றார். கதவின் ஓரத்தைத் தடவினார். முகம் கறுத்துவிட்டது.

“எந்தப் பய என் சோலியில கை வச்சது?”

“பய இல்ல அண்ணாச்சி, மதினிதான்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவர் நம்பவில்லை. பையிலிருந்து இழைப்புளியை எடுத்தார். வெளுத்திருந்த கட்டையை முகர்ந்து பார்த்தார். “சோடா நாறுது” என்று முகத்தைச் சுளித்தார். அவருக்கும் நாற்றம் தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன். கட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வாய் சரியாக இருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் அது தெரிந்தது. அதன் பிறகு சுத்தியலை எடுத்துக் கட்டையின் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். ஆப்பு தெறித்துத் தகடு ஆடிப்போயிற்று.

“பொம்பள வச்ச வாயி” என்று தரையில் துப்பினார். “கதவத் தெறக்கச் சொல்லு. கழத்தி நான் ஒழுங்காப் பண்ணித் தாரேன். பிய்ச்சு வச்சிருக்கே, ஊருல எவனாவது பாத்தா என் சோலின்னு நெனைப்பான்.”

அவர் துப்பிய மூன்று நாளும் எனக்கு வந்த குமட்டல் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது அந்த ஒரு அடியில். கையிலிருந்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டேன். எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

“தெறக்க மாட்டா. பிள்ளைக்குப் பால் குடுக்கா.”

“எவ்வளவு நேரம் குடுப்பா?”

“அவன் குடிக்கிற வரைக்கும்.”

கதவைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். குளிக்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரும் நின்றார், துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை ஒரு ஏப்பம் விட்ட சத்தம் கேட்டது. மகள் ஏதோ அதனிடம் பேசினாள். தாழ்ப்பாள் அசையவில்லை.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து அவர் துப்பிய இடத்தில் ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளிக் கழுவிவிட்டேன்.